ஐனியிடமே கேட்டுவிடலாம்

ஒரு விடுகதை போடட்டுமா, சார்? வீடு பார்க்க வந்தவரிடம் விடுகதை போடுகிறானே என்று நினைக்காதீர்கள். இந்த ரூமுக்கு மட்டும் ஏன் ரோஸ் நிறம் என்று கேட்டீர்கள் இல்லையா, அதற்குத்தான்.

கூரை போட்டான், கூரை அவனுடையது இல்லை. கிணற்றுக்கு மோட்டார் வைத்தான், தண்ணீர் அவனுடையது இல்லை. பிள்ளை பெற்றான், பிள்ளையும் அவனுடையது இல்லை. யார் அவன்?

கொத்தனாரா? கூரை வரைக்கும் சரி. பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள்? வாடகைக்கு இருப்பவனா? நீங்கள் வாடகைக்கு வருகிறீர்கள், அதனால் உங்களுக்கு அந்த நினைப்பு. இல்லை சார். மாப்பிள்ளை. கோலாப்பிலாவில் ஒரு மலாய் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனவன். நான்தான்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அது சின்னப் பிள்ளை நாற்காலி, கால் விரிந்துவிடும். கட்டிலிலேயே உட்காருங்கள். மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. நீங்கள் சுங்கைப்பட்டாணியிலிருந்து மாற்றலாகி வருகிற வாத்தியார் என்று ஏஜெண்ட் சொன்னார். பெண்பிள்ளை ஒன்று இருக்கிறதாமே? என்ன வயது? எட்டா? அப்படியானால் இந்த ரூம் அவளுக்கு அளவெடுத்தது மாதிரி இருக்கும்.

என் பெயர் மொகுதூம். கீழே மூலையில் பச்சை போர்டு போட்ட சாப்பாட்டுக் கடை என்னுடையது. சொந்த ஊர் காயல்பட்டினம். இருபத்திரண்டு வயதில், எங்கள் மாமா கோலாப்பிலாவில் கடை வைத்திருந்தார், அவரிடம் ரொட்டி சானாய் போட வந்தேன். வந்தவன் வந்தவன்தான்.

ஹஸ்மா என்று ஒரு மலாய்ப் பெண், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற இடத்தில் வேலை பார்த்தாள். காலையில் ரொட்டி வாங்க வருவாள். நான் குழம்பு ஊற்றுவதைப் பார்த்து ஒருநாள், "ஏங்க, ரொட்டி சாப்பிடவா, இல்ல அதுக்கு நீச்சல் கத்துக்குடுக்கவா?" என்றாள். மலாயில்தான் சொன்னாள். கடை முழுக்கச் சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஒரு வழக்கம் உண்டு சார். வடக்கே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. சுமத்ராவில் மினாங்கபாவ் என்று ஒரு நாடு. அங்கேயிருந்து இவர்களுடைய பாட்டன்மார், இல்லை, இவர்கள் கணக்குப்படி சொன்னால் பாட்டிமார், கடல் தாண்டி வந்து இங்கே காடு திருத்தினார்கள். வீடு, வயல், ரப்பர் வெட்டுகிற கித்தாத் தோட்டம், எல்லாம் பெண்கள் பேரில். அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். பிள்ளைகளும் அம்மாவின் குலம். குலத்துக்கு அவர்கள் சொல்கிற பெயர் சுக்கு. காபியில் போடுகிற சுக்கு இல்லை. கல்யாணம் ஆனால் ஆண்பிள்ளை மனைவி வீட்டில் போய் இருக்க வேண்டும்.

எனக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை. எங்கள் ஊரிலும் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை, மனைவி வீட்டில்தான் இருப்பார். ஹஸ்மா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, "இதென்ன, எங்க ஊருதான்" என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் ஒரு இடத்தில் இவர்கள் எங்களை மிஞ்சிவிட்டார்கள். எனக்கு சுக்கு கிடையாதே, சுக்கு இல்லாதவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது? அதனால் வேறொரு சுக்கு என்னை மகனாக எடுத்துக்கொண்டது. ஒரு ஆடு அறுத்தோம். எழுபது வயதுக் கிழவி ஒருத்தியை என் அம்மா என்று உட்கார வைத்தார்கள். அவர் என் தாடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய பிள்ளைய எப்ப பெத்தேன்னே ஞாபகம் இல்லையே" என்றார். நல்ல மனுஷி. அடுத்த வருஷமே மௌத்தாகிவிட்டார்.

இப்படி நான் அந்த வீட்டுக்குப் போனேன். மரவீடு. தூண் வைத்து உயர்த்திக் கட்டியது. ஹஸ்மாவின் உம்மா முன்பே இல்லை. ஹஸ்மா, அவளுக்கு ஒரு அக்காள் சலேஹா, அவ்வளவுதான் அந்த வீட்டில் மிச்சம். சலேஹா செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கல்யாணம் கட்டி மூன்று வருஷத்தில் விவாகரத்து. பிள்ளை இல்லை. சனி ஞாயிறு வருவாள். அதிகம் பேச மாட்டாள். நான் கடையிலிருந்து கொண்டுபோகிற கறியைத் தொட மாட்டாள். மரியாதையாகச் சொல்கிறேன், எனக்கும் அவளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துவரவில்லை.

ஐனி பிறந்தாள். சார், அந்தக் கம்பமே, ஊர் முழுக்க, வந்துவிட்டது. பெண்பிள்ளை இல்லையா, வீட்டுக்கு வாரிசு. ஹஸ்மாவின் தாய்மாமன் தொக் யூனுஸ், அவர்தான் அந்த சுக்குக்குப் பெரியவர், வந்து குழந்தையைத் தூக்கினார். "வீட்டுக்காரி வந்துட்டா" என்றார். நான் பக்கத்தில் நிற்கிறேன். என்னைப் பார்த்து, "நீயும் நல்லா இருக்கியா?" என்றார். ஏதோ நானும் விசாரிக்கப்பட வேண்டிய ஆள் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது போல.

போகட்டும். நான் அந்த வீட்டுக்கு என்ன குறை வைத்தேன், சொல்லுங்கள். ஓலையில் போட்ட அத்தாப்புக் கூரை ஒழுகியது, மாற்றினேன். சமையல்கட்டை நீட்டிக் கட்டித் தரைக்கு ஓடு பதித்தேன். கிணற்றுக்கு மோட்டார் வைத்தேன். மாமாவுக்கு வயதாகிக் கடை என் கைக்கு வந்திருந்தது. விடியலுக்கு முன்னால் மாவு பிசையப் போனால் கடை அடைத்து, கழுவி, கணக்குப் பார்த்து வீடு வர நடுராத்திரி தாண்டும். ஐனி தூங்கிக்கொண்டிருப்பாள். கொசுவலைக்குள் கையை விட்டு அவள் பாதத்தை ஒருதரம் பிடித்துப் பார்ப்பேன். சூடாக இருக்கும். பிறகுதான் படுப்பேன். அது ஒரு சுகம் சார். பெண்ணைப் பெற்றவர், உங்களுக்குத் தெரியும்.

நடக்க ஆரம்பித்ததும், பள்ளிக்கூடம் போனதும், பல் விழுந்ததும், எல்லாம் எனக்குத் தெரியும். ஹஸ்மா ஒன்று விடாமல் சொல்வாள். போனில் படம் அனுப்புவாள். நான் கடையில் எல்லாருக்கும் காட்டுவேன்.

ஐனிக்கு ஏழு வயதாகும்போது ஹஸ்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. இரண்டும். வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள், தனக்கு வந்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

சலேஹா வேலையை விட்டுவிட்டு வந்தாள். நல்லதாகப் போயிற்று. கூட்டிப் போக, கூட்டி வர, ஐனியைப் பள்ளிக்கூடத்தில் விட, ஆள் ஆயிற்று. நான் எப்படிப் போவது, சார்? ஏழு பேர் அந்தக் கடையை நம்பிச் சாப்பிடுகிறார்கள். ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஆட்டுக்கால் சூப் வைத்து, பாத்திரத்தை இறுக மூடி, கடைப் பையனிடம் கொடுத்து அனுப்புவேன். மிளகு தூக்கலாக, ஹஸ்மாவுக்குப் பிடித்த மாதிரி. ஏறக்குறைய ஒன்றரை வருஷம். ஒருநாள் ஆஸ்பத்திரி நர்ஸ் கடைக்குச் சாப்பிட வந்தவள், அந்த நோய்க்காரர்களுக்கு அது ஆகவே ஆகாது என்று சொன்னாள். பாருங்கள், சலேஹா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹஸ்மாவும் சொல்லவில்லை. பாத்திரம் மட்டும் ஒவ்வொரு முறையும் கழுவித் திரும்பி வந்தது. அந்த வீட்டில் என்னிடம் எதைத்தான் சொன்னார்கள்?

பிறகு ஹஸ்மா போய்விட்டாள்.

இதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். வெளியே மழை குறைந்த மாதிரி இருக்கிறது, இல்லையா? இல்லை, காற்றுத்தான்.

துக்கம் முடிந்தது. ஓதி முடித்துச் சொந்தக்காரர்கள் போனார்கள். தொக் யூனுஸ் வந்தார். வரும்போதே கழுத்தில் துண்டு, தலையில் தொப்பி, கையில் பெரிய போன். அந்த சுக்குக்கு வாட்ஸ்அப் குழு வைத்து நடத்துகிறவர் அவர்தான். பாதிப் பேர் கோலாலம்பூரில், சிங்கப்பூரில் இருக்கிறார்கள். வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கல்யாணம், மௌத்து, எல்லாம் அந்தக் குழுவில்தான்.

முன்பக்கத்தில் நானும் அவரும். உள்ளே கதவுக்கு அந்தப் பக்கம் சலேஹா. அன்றைக்கு அவள் நல்ல சட்டை போட்டிருந்தாள். நீல நிறம், ஹரிராயா பெருநாளுக்கு எடுத்தது. எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. தங்கச்சி போய் நாலு மாதம்கூட ஆகவில்லை.

தொக் தொண்டையைச் சரிசெய்தார். "மொகுதூம், வழக்கம் உனக்குத் தெரியும். பொண்ணு போயிட்டா மாப்பிள்ளை அந்த வீட்டுல இருக்க முடியாது."

"தெரியும், தொக்."

"ஆனா ஒரு வழி இருக்கு. பெரியவங்க யோசிச்சு வச்ச வழிதான். அக்கா தங்கச்சி யாராவது இருந்து, ரெண்டு பேருக்கும் சம்மதம்னா, நிக்காஹ் முடிச்சிக்கிட்டு நீ இங்கேயே இருக்கலாம். பிள்ளையும் எங்கேயும் போக வேண்டாம். நீயும் எங்கேயும் போக வேண்டாம்."

பாய் மாற்றுவது என்று அதற்குப் பெயர். பழைய பாயைச் சுருட்டிவிட்டுப் புதுசு விரிக்கிறார்களாம். சார், எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"சலேஹா என்ன சொல்றா?" என்றேன்.

"அவகிட்ட கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். பிள்ளைக்காகச் சரின்னுட்டா."

பிள்ளைக்காக! நீலச் சட்டை பிள்ளைக்காகவா? நான் எழுந்தேன். உள்ளே கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். "ஹஸ்மாவக் கட்டத்தான் நான் இந்த வீட்டுக்கு வந்தேன், தொக். மிச்சம் மீதி இருக்கிறவங்களக் கட்டிக்க வரல."

ஐனி தேநீர்த் தட்டோடு கதவில் நின்றாள். பெரியம்மாதான் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.  நான் போய்த் தட்டை வாங்கி வைத்தேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் என்ன புரியும்?

தொக் அந்தத் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு, "அப்ப வழக்கப்படி செய்வோம்" என்றார்.

வழக்கப்படி! இவர்கள் எனக்கு வழக்கம் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் இதெல்லாம் எவ்வளவு கண்ணியமாக நடக்கும் தெரியுமா? என் அக்காள், ஸெய்னம்பு ராத்தா மௌத்தானபோது நான் ஊரில்தான் இருந்தேன், பதினெட்டு வயது. மச்சானை உட்கார வைத்து நானும் என் மூத்தவர் காக்காவும்தான் பேசினோம். வீடு ராத்தா பேரில், அது அவள் மகள்களுக்கு. பிள்ளைகள் எங்கள் உம்மாவிடம் வளரட்டும், நீங்கள் இளவயது, வேறு கல்யாணம் கட்டிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொன்னோம். அவருடைய சட்டைகளை நானே மடித்துப் பெட்டியில் வைத்தேன். வண்டி பிடித்துக் கொடுத்தோம். வாசலில் நின்று அந்த மனுஷன் அழுதார் பாருங்கள், ஒரு ஆண்பிள்ளைக்கு அவ்வளவு அழுகை எங்கிருந்து வந்ததோ! சின்னவள் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. காக்கா விரலைப் பிரித்து எடுத்தார். ஆனால் ஒருவர் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. அதுதான் முறை.

இங்கே? என்னை மகனாக எடுத்த சுக்கிலிருந்து இரண்டு ஆண்பிள்ளைகள் புரோட்டான் காடியில் வந்தார்கள், என்னைத் திருப்பி வாங்கிக்கொள்ள. வழக்கம் அப்படி. எங்கேயிருந்து போனேனோ அங்கே திரும்ப வேண்டும். ஒரு பெட்டி, ஒரு பாய், என் சமையல் கத்தி. தொக் என்னிடம், "நீ சேர்ந்து சம்பாதிச்சுக் கட்டினதுல உனக்கும் பங்கு உண்டு, கேளு" என்றார்.

"சமையல்கட்டைப் பாதியா அறுத்துக் கொடுங்க, காடிக்கு மேல கட்டிக்கிட்டுப் போறேன்" என்றேன்.

வந்த இரண்டு பேரில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

காடியில் ஏறினோம். கம்பத்தைத் தாண்டியதும் ஓட்டினவன் கேட்டான், "அண்ணே, உங்கள எங்க இறக்கணும்?" அந்தக் கிழவி போய்ப் பத்து வருஷம். அவர் வீட்டில் யாரோ பேத்தி இருக்கிறாள், என் பெயர்கூடத் தெரியாது. என் கடை வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். வந்தவர்களைச் சும்மா அனுப்பக் கூடாதே என்று ஆளுக்கு ஒரு ரொட்டியும் தே தாரே டீயும் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, கை கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் கடை மாடியில் மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தேன். யாருடைய பாதத்தையும் பிடித்துப் பார்க்காமல் படுத்தேன்.

அதற்குப் பிறகுதான் சார் எனக்குத் தூக்கமே போனது. என்னை வைத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும். பிள்ளை என் பிள்ளை. அவளுக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும், நல்ல டியூஷன் வேண்டும். அந்தக் கம்பத்தில் சுற்றிலும் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. விளையாட ஒரு பிள்ளை இல்லை. சிரம்பானுக்கு வந்து இந்தக் கடையை எடுத்தேன். பிலா கடையைத் தம்பி முறை ஒருவனிடம் விட்டேன். இந்த ஃபிளாட்டை வாங்கினேன். பெயிண்டர் என்ன நிறம் என்றான். பெண்பிள்ளைக்கு ரோஸ்தானே? பிறகு ஐனி சொன்னாள், அவளுக்குப் பச்சைதான் பிடிக்குமாம். பிள்ளைகளுக்கு அது மாறிக்கொண்டே இருக்கும். ஏர்கான் பாருங்கள், புதுசு, இன்னும் அந்த ஸ்டிக்கரைக்கூடப் பிரிக்கவில்லை. மேசை, அலமாரி, எல்லாம் அவள் உயரத்துக்குச் செய்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் போனில் ஒவ்வொன்றாகக் காட்டுவேன். "அழகா இருக்கு வாப்பா" என்பாள். சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோவேன். சலேஹா முற்றத்தில் நாற்காலி கொண்டுவந்து போடுவாள், உள்ளே போய்விடுவாள். நான் அன்று சொன்னதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஆனால் நான் திரும்பும்போது காடி ஸீட்டில் சோறும் மீனும் மூடி வைத்திருக்கும். நாடகம் என்றுதான் நினைத்தேன்.

பள்ளி விடுமுறை வந்தது. புது வருஷத்துக்கு ஐனியை இங்கே சேர்க்க வேண்டும். நான் தொக்கிடம் போய் நேராகக் கேட்டேன். எல்லாரும் அந்த வீட்டு முன்பக்கத்தில் உட்கார்ந்தோம். தொக், நான், சுக்கில் இன்னும் இரண்டு பெரியவர்கள். சலேஹா வழக்கம்போல் கதவுக்கு உள்ளே. ஐனி பின்னால் கோழிக்கு ஏதோ போட்டுக்கொண்டிருந்தாள்.

தொக், "பிள்ளை அம்மா சுக்கு. இந்த வீடு அவளுது. அவ போயிட்டா சலேஹாவுக்குப் பிறகு இத யாரு திறப்பா?" என்றார்.

"வீட்டுக்காகப் பிள்ளையா, பிள்ளைக்காக வீடா, தொக்?"

"ரெண்டையும் பிரிக்க எங்களுக்குத் தெரியாது, மொகுதூம்."

"காலம் மாறிப்போச்சு. உங்க சொந்த மகனே கோலாலம்பூர்ல மாமியார் வீட்டுல இல்லாம கொண்டோ ஃபிளாட்டுல இருக்கான். வாட்ஸ்அப்புல வழக்கம் நடத்துறீங்க. இன்னும் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? கோர்ட்டுலகூடப் பிள்ளையைக் கேக்கிறாங்க. ஐனிகிட்டயே கேட்டுடலாம். அவ சொல்றபடி நடப்போம். நீங்களும் நடக்கணும், நானும் நடக்கிறேன்."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தொக் யோசித்தார். எனக்கு உள்ளுக்குள் தைரியம். என் பிள்ளை, என் ரத்தம். போனில் ரூமைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தவள். என்னை விட்டு எங்கே போவாள்?

அப்போது சலேஹா கதவைத் தாண்டி வெளியே வந்தாள். ஆண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு அவள் வந்து நான் பார்த்ததே இல்லை. வீட்டுச் சட்டைதான், கையில் மாவு ஒட்டியிருந்தது. அத்தனை மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து நேராகப் பேசினாள்.

"அவகிட்ட கேக்காதீங்க."

"ஏன்?" என்றேன்.

"கூட்டிட்டுப் போங்க. இன்னைக்கே வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க. நான் துணி எடுத்து வைக்கிறேன். ஆனா அவகிட்ட கேக்காதீங்க. யாரு வேணும் யாரு வேண்டாம்னு அந்தப் பிள்ளை வாயால சொல்ல வைக்காதீங்க."

தொக் அவளை, "சலேஹா!" என்று அதட்டினார். சுக்குக்குச் சொந்தமானதை அவள் எப்படித் தூக்கிக் கொடுப்பாள்? அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "துணி எடுத்து வைக்கட்டுமா?" என்று மறுபடியும் என்னைத்தான் கேட்டாள்.

சார், நான் எத்தனை வருஷமாக வியாபாரம் செய்கிறேன். ஒருவர் சட்டென்று இறங்கி வந்தால் அதில் ஏதோ இருக்கிறது. பிள்ளை என்னைத்தான் சொல்வாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாலு பேர் முன்னால் தோற்பதைவிடத் தானே கொடுத்த மாதிரி காட்டிக்கொள்ளப் பார்க்கிறாள். நாளைக்கு ஊரெல்லாம், நாங்கள் விட்டுக் கொடுத்தோம், அவன் பிடுங்கிக்கொண்டு போனான் என்று பேச்சு வரும். எனக்கு அது வேண்டாம். என் பிள்ளை, தானாக என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியை இறங்க வேண்டும். எல்லாரும் அதைப் பார்க்க வேண்டும்.

"முடியாது. கேட்டே ஆகணும்" என்றேன்.

 சலேஹா மாவுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். 

தொக் ஐனியைக் கூப்பிட்டார். வந்தாள். கால் கழுவிக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை, தொக் பக்கத்திலும் உட்காரவில்லை, நடுவில் உட்கார்ந்தாள். தொக் மெதுவாகத்தான் கேட்டார், குறை சொல்ல முடியாது. "வாப்பா உன்னைச் சிரம்பானுக்குக் கூப்பிடுறாரு. உனக்கு அங்க ரூமு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. இங்க மக் லொங் இருக்கா. யாரும் உன் மேல கோவப்பட மாட்டோம். நீ எங்க இருக்கணும்னு நீயே சொல்லு."

பெரியம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாள், மக் லொங் என்று.

 அவள் உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. இதை நான் உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், யாரும் கண்ணைக் காட்டவில்லை, யாரும் சாடை செய்யவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். என்னைத்தான் பார்த்தாள்.

"வாப்பா, சிரம்பான் கடைய எத்தன மணிக்குச் சாத்துவீங்க?"

என்ன கேள்வி பாருங்கள். பிள்ளையிடம் பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை சார். "இது பெரிய ஊரும்மா. பிலா மாதிரி இல்ல. ஒரு மணி, ஒன்றரை ஆகும்" என்றேன். "ஆனா நீ பயப்பட வேண்டாம். கடை கீழேயேதான். சாப்பாடு மேலே வந்துடும். கதவைப் பூட்டிக்கிட்டு, ஏர்கான் போட்டு, நீ பாட்டுக்குத் தூங்கலாம். வாப்பா வந்து பார்ப்பேன்."

ஐனி தலையை ஆட்டினாள். மக் லொங்கோடு இருக்கிறேன் என்றாள்.